ஊர் நன்றி சொன்ன நாளில் இடிந்து கிடந்த கோயில்: ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்தது என்ன?

1748 அக்டோபர். புதுச்சேரியில் தேவாலய மணிகள் விடாமல் அடிக்கின்றன. கோட்டையில் பீரங்கிகள் முழங்குகின்றன. கவர்னர் டூப்ளே முகத்தில் வாரக்கணக்கில் காணாத சிரிப்பு. ஊரை வளைத்து நின்ற ஆங்கிலேயப் படை, மழைக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் மூட்டை கட்டிவிட்டது. கடவுளுக்கு நன்றி சொல்ல 'தே தேயும்' என்ற லத்தீன் துதிப்பாடல் பாடப்படுகிறது.

ஆனா அதே ஊரில், தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய சிவன் கோயில் இருந்த இடம் வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. சில வாரங்களுக்கு முன்பு வரை அங்கே பூஜை நடந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டையும் நேரில் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் கவர்னரின் வலது கை. ஊர் மக்களுக்கோ தங்கள் ஆள். இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய அந்த மனிதர், பார்த்ததைத் தமிழில் எழுதி வைத்தார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

யார் இந்த ஆனந்தரங்கர்? போர்க்கால நன்றி வழிபாடு என்றால் என்ன? ஆலங்காயம், ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

1709 மார்ச் 30ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. உறவினரான நைனியப்பிள்ளை அப்போது புதுச்சேரியில் செல்வாக்கோடு இருந்தார். அவர் அழைக்க, குடும்பம் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது.

நைனியப்பிள்ளை பார்த்த வேலைக்குப் பெயர் தலைமை துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். ஆனால் வெறும் மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை இது. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுப்பது, வியாபாரிகளிடம் பேரம் பேசுவது, நவாபுகளுக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ப் பஞ்சாயத்தைக் கவர்னர் காதுக்குக் கொண்டுபோவது எல்லாமே துபாஷ்தான். உள்ளூர் மக்களுக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் நடுவில் இருந்த ஒரே வாசல் அது.

அந்த வாசலில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் பிள்ளையின் குடும்பம் சீக்கிரமே பார்த்துவிட்டது. 1716ல் நைனியப்பிள்ளை கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்து போனார். அவர் மகன் குருவப்பிள்ளை பிரான்சுக்கே போய், கிறிஸ்தவராகி, பட்டம் வாங்கித் திரும்பி வந்து தலைமை துபாஷ் ஆனார். அவரும் 1724ல் காலமானார். 1726ல் ஆனந்தரங்கரின் அப்பாவும் போய்விட்டார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது 17.

அதன் பிறகு கவர்னர் லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டை கிடங்குப் பொறுப்பு அவருக்கு வந்தது. சொந்த வியாபாரமும் வளர்ந்தது. 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலே ஓட்டினார்.

டைரி எழுதத் தொடங்கியது எப்போது?

1736 செப்டம்பர் 6. தமிழ்க் கணக்கில் நள ஆண்டு. அன்று தொடங்கி சுமார் 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் வீட்டில் கல்யாணம், கவர்னருக்கு என்ன கோபம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. நல்ல நேரம், கெட்ட நேரம், ஜாதகப் பலன்கூட உண்டு.

லண்டனின் சாமுவேல் பெப்பீசோடு இவரை ஒப்பிடுவது வழக்கம். ஒரு வித்தியாசம் முக்கியம். பெப்பீசு எழுதியது அவருடைய சொந்த நாட்டு அரசைப் பற்றி. பிள்ளை எழுதியது, தனக்குச் சோறு போடுகிற, எப்போது வேண்டுமானாலும் தன்னைச் சிறையில் தள்ளக்கூடிய அந்நிய அரசைப் பற்றி. நைனியப்பிள்ளைக்கு நடந்தது அவருக்கு மறந்திருக்காது.

துபாஷ் பதவிக்கு ஏன் மதப் போட்டி?

டூப்ளே 1742ல் கவர்னராக வந்தபோது தலைமை துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார். கிறிஸ்தவர். அவர் 1746 பிப்ரவரியில் இறந்ததும், அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தது. அந்த இடத்துக்கு மறுபடியும் ஒரு கிறிஸ்தவர்தான் வர வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரியார்கள் வற்புறுத்தினார்கள். கவர்னரின் மனைவி ழான் டூப்ளேவும் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம்தான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். ஊருக்குள் தனியாக ஒற்றர்களையும் வைத்திருந்தார். பிள்ளையின் டைரியில் அவர் மேல் கோபம் கொப்பளிக்கும்.

ஆனா டூப்ளே வியாபாரக் கணக்குத் தெரிந்தவர். நெசவாளர்களையும் வணிகர்களையும் கையில் வைத்திருக்கும் ஆள் அவருக்குத் தேவை. பொறுப்பு பிள்ளையிடம் வந்து சேர்ந்தது.

சரியாக அதே நேரத்தில் போரும் வந்தது. ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். இங்கே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பதிலடியாக 1748ல் அட்மிரல் பாஸ்கவன் பெரிய கடற்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட வந்தார்.

முற்றுகைக்கு நடுவே கோயில் ஏன் இடிக்கப்பட்டது?

வேதபுரீஸ்வரர் கோயிலும் ஏசு சபையினரின் சம்பா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தச் சிவன் கோயிலை அகற்ற வேண்டும் என்று பாதிரியார்கள் பல ஆண்டுகளாகவே கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கவர்னர்கள் தயங்கினார்கள். காரணம் எளிது. நெசவாளர்களும் வணிகர்களும் கோபித்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டால் கம்பெனி வியாபாரமே படுத்துவிடும்.

1746 மார்ச்சில் இரவு நேரத்தில் கோயிலுக்குள் புகுந்து அசுத்தத்தை ஊற்றிய சம்பவத்தைப் பிள்ளை பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் கடைசியிலும் தேவாலய வளாகத்தில் இருந்து அசுத்தம் நிரம்பிய பானை கோயிலுக்குள் வந்து விழுந்தது என்று எழுதியிருக்கிறார்.

முற்றுகை வந்ததும் நிலைமை மாறியது. போர்க்காலம். ஊரை விட்டுப் போகிறோம் என்று மிரட்ட மக்களுக்கு வழியில்லை. வெளியே எதிரிப் படை. 1748 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு மாதா பிறந்த திருநாள். அன்று கோயில் இடிக்கும் வேலை தொடங்கியது.

பிள்ளையின் டைரிப்படி, படை வீரர்களும் கூலி ஆட்களும் கொண்டுவரப்பட்டார்கள். கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார் லிங்கத்தைக் காலால் உதைத்து, பெரிய சுத்தியலால் அடித்து உடைத்தார். வாகனங்கள் நொறுக்கப்பட்டன. மிஞ்சிய பொருட்கள் காளத்தீஸ்வரர் கோயிலுக்குப் போயின.

இந்த கேர்து யார் தெரியுமா? சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் மூன்றுக்கும் உறவு உண்டு என்பதை 1760களில் சுட்டிக்காட்டியவர் என்று மொழியியல் வரலாற்றில் மரியாதையோடு பேசப்படும் அதே கேர்துதான்.

மசூதி மட்டும் தப்பியது எப்படி?

கோயிலோடு நிற்காமல், பக்கத்தில் இருந்த மசூதியையும் இடிக்கப் பேச்சு நடந்தது. உடனே சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் கவர்னரிடம் போனார். மசூதி மேல் கை வைத்தால் தன் சிப்பாய்கள் ஒருவர்கூட உயிரோடு இருக்க மாட்டார்கள், எதிர்த்து நின்று செத்துப்போவார்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். டூப்ளே உடனே பின்வாங்கினார். முற்றுகை நேரத்தில் சிப்பாய்கள் இல்லாமல் கோட்டையைக் காக்க முடியாது அல்லவா?

இந்த ஒரு சம்பவத்திலேயே விஷயம் புரிந்துவிடும். மதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யார் கையில் பலம் இருந்தது என்பது. துப்பாக்கி வைத்திருந்தவர்களின் வழிபாட்டு இடம் நின்றது. தறி வைத்திருந்தவர்களின் கோயில் விழுந்தது.

பிள்ளை என்ன செய்தார்? தடுக்க முடியவில்லை. பதவியைத் தூக்கி எறியவும் இல்லை. பிற்காலத்தில் இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் நடந்ததை மறைக்காமல், பெயர்களோடு எழுதி வைத்தார். அவர் எழுதாவிட்டால், அந்த நாள் எப்படி நகர்ந்தது என்பதை ஊர்க்காரர்களின் பக்கத்தில் நின்று நமக்குச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நன்றி வழிபாடு என்றால் என்ன?

இன்று அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். வான்கோழி விருந்து, குடும்பத்தோடு கொண்டாட்டம் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அங்கே முதலில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களிடம் இது வேறு மாதிரி இருந்தது. போரில் தோற்றால், பஞ்சம் வந்தால், அரசே உபவாச நாள் அறிவிக்கும். வெற்றி கிடைத்தால் நன்றி நாள் அறிவிக்கும். கடவுள் யார் பக்கம் என்பதற்கான சான்றாகவே வெற்றியைப் பார்த்தார்கள்.

1675ல் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் மெட்டாகமுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. 1676 ஜூன் 29ஐ மாசசூசெட்ஸ் அரசு நன்றி நாளாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17ல் பிளிமத் ஊரில் நன்றி வழிபாடு நடந்தபோது, கொல்லப்பட்ட மெட்டாகமின் தலையை அந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கம்பத்தில் செருகப்பட்ட அந்தத் தலை பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

பியூரிட்டன்களும் புதுச்சேரி கத்தோலிக்கர்களும் ஒருவரையொருவர் ஏற்காதவர்கள். ஆனால் போர் முடிந்ததும் செய்தது ஒன்றுதான். ஊரைக் கூட்டி, தங்கள் வெற்றி கடவுளின் வெற்றி என்று அறிவித்தார்கள். இங்கே ஆங்கிலேயர்களும் விதிவிலக்கு இல்லை. 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, 1800 பிப்ரவரி 6ல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பொது நன்றி வழிபாடு நடத்தினார்.

1748 அக்டோபரில் யாருக்கு நன்றி?

பாஸ்கவனின் முற்றுகை தோற்றதற்குப் பல காரணங்கள். சரியான பக்கத்தில் பதுங்குகுழி வெட்டவில்லை. சதுப்பு நிலத்தில் மாட்டிக்கொண்டார்கள். அரியாங்குப்பத்திலேயே நாட்கள் வீணாயின. அங்கே மேஜர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் இறந்தார்கள். நோயில் போனவர்கள் ஏராளம். பிரெஞ்சுத் தரப்பில் சிறந்த தளபதி பராதி பலியானார்.

கடலில் இருந்து கப்பல்கள் நடத்திய பீரங்கித் தாக்குதல் பற்றி ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் ஒரு விவரம் எழுதியிருக்கிறார். அத்தனை குண்டுகளும் சேர்ந்து செய்த சாதனை, தெருவில் போன ஓர் ஏழைத் தமிழ்க் கிழவியைக் கொன்றது மட்டும்தான் என்கிறார். அந்தக் கிழவியின் பெயரை அவர் எழுதவில்லை.

நன்றிப் பாடல் ஒலித்தபோது ஊரில் இருந்த நிலைமை இதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே அக்டோபர் 18ல் ஐரோப்பாவில் எய்-லா-ஷப்பேல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி 1749ல் சென்னை மறுபடியும் ஆங்கிலேயரிடமே போனது. இவ்வளவு சண்டையும் எதுக்கு என்று கேட்கத் தோன்றுகிறதா? டூப்ளேவுக்கும் அதே எரிச்சல்தான்.

சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள்? கத்தோலிக்கப் பாதிரியார்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு, அவர்களைக் கோட்டை நகரில் இருந்து வெளியேற்றினார்கள். வேப்பேரியில் இருந்த கத்தோலிக்கச் சிற்றாலயம் புராட்டஸ்டண்ட் மிஷன் கைக்குப் போனது. அடிபட்டவர்களும் அடித்தவர்களும் ஊருக்கு ஊர் மாறினார்கள்.

ஆலங்காயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தை இன்று பலருக்கு காவலூர் வானியல் ஆய்வகம் வழியாகத்தான் தெரியும். அங்கிருந்து வாணியம்பாடி வழியாக வண்டியில் கிளம்பினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆம்பூர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மலை, நடுவில் பாலாறு. மைசூர் பக்கம் இருந்து ஆற்காட்டுச் சமவெளிக்குள் இறங்க இதுதான் வழி. அதனால்தான் 18ம் நூற்றாண்டில் படைகள் திரும்பத் திரும்ப இங்கே வந்து மோதின.

1749 ஆகஸ்ட் 3ல் நடந்தது ஆம்பூர் போர். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் ஒரு பக்கம். சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாக பிரெஞ்சுப் படை மறுபக்கம். வயதான நவாப் யானை மேல் இருந்தபடியே துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி தப்பித்து திருச்சிக்கு ஓடினார். கர்நாடகத்தின் தலையெழுத்தே அந்த ஒரு நாளில் மாறியது.

இந்த வெற்றிக்குப் பரிசாக வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. இன்றைய புதுச்சேரி வரைபடம் துண்டு துண்டாக இருப்பதற்கு ஒரு காரணம் ஆம்பூரில் வெடித்த துப்பாக்கி என்று சொன்னால் மிகையில்லை.

பிள்ளைக்கும் இது உச்சக் காலம். முசாபர் ஜங் அவருக்கு 3000 குதிரைகளுக்கான மன்சப் பட்டம் கொடுத்தார். பல்லக்கில் மேளதாளத்தோடு கவர்னர் மாளிகைக்குள் போகும் உரிமையும் தங்கப்பூண் போட்ட கைத்தடியும் அவருக்கு இருந்தன. சீனிவாச கவி 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்ற சமஸ்கிருத நூலை அவர் மேல் பாடினார்.

இரண்டாவது நன்றி வழிபாடு, அதன் பிறகு நடந்தது

1750 டிசம்பரில் செஞ்சி அருகே நடந்த மோதலில், ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் தன் பக்கம் இருந்த கடப்பை நவாபாலேயே கொல்லப்பட்டார். செய்தி வந்ததும் புதுச்சேரியில் மறுபடியும் பீரங்கி, மறுபடியும் 'தே தேயும்'. முசாபர் ஜங் புதிய நிஜாமாக அறிவிக்கப்பட்டார். வெற்றி நடந்த இடத்தில் 'டூப்ளே பத்தேகாபாத்' என்று ஊரே உருவாக்கத் திட்டம் போட்டார் கவர்னர்.

எவ்வளவு நாள் நிலைத்தது? முசாபர் ஜங் சில வாரங்களிலேயே, 1751 தொடக்கத்தில் ஐதராபாத் போகும் வழியில் கொல்லப்பட்டார். 1752ல் ராபர்ட் கிளைவ் அந்த வெற்றி ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே ஆண்டு சந்தா சாகிப்பின் தலை போனது. 1754ல் டூப்ளே பதவி பறிக்கப்பட்டு நாடு திரும்பினார். 1763ல் பாரிசில் கடன் சுமையோடு இறந்தார்.

பிள்ளையின் கடைசி நாட்கள்

புதிய கவர்னர் லெரியின் காலத்தில், 1756ல் பிள்ளையும் பதவி இழந்தார். உடல்நிலை மோசமாகிவிட்டது. ஆனாலும் டைரி நிற்கவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. புதுச்சேரி மறுபடியும் முற்றுகைக்குள் விழுந்தது. இந்த முறை மழையும் காப்பாற்றவில்லை. ஊருக்குள் பசி.

1761 ஜனவரி 12ல் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். வயது 51. நான்கே நாளில், ஜனவரி 16ல், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஆங்கிலேயர்கள் கோட்டையையும் நகரையும் இடித்தார்கள். வேதபுரீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்ற சம்பா கோயிலும் அப்போது தரைமட்டமானது. 1748ல் இடிந்தது ஒன்று, 1761ல் இடிந்தது இன்னொன்று. இரண்டையும் இடித்தவர்கள் வெற்றிக்கு நன்றி சொன்னவர்கள்தான்.

சம்பா கோயில் பிறகு மீண்டும் கட்டப்பட்டு 1791ல் அர்ச்சிக்கப்பட்டது. வேதபுரீஸ்வரர் கோயிலும் வேறு இடத்தில் மீண்டும் எழுந்தது. இன்றைக்கு இரண்டிலும் மணி அடிக்கிறது. இரண்டு கோயிலுக்கும் ஒரே நாளில் போய்விட்டு வருகிறவர்களும் புதுச்சேரியில் நிறைய.

டைரி நமக்குக் கிடைத்தது எப்படி?

பிள்ளை இறந்து 85 ஆண்டுகள் அந்த நோட்டுகள் வெளியுலகம் அறியாமல் குடும்பத்தில் கிடந்தன. 1846ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மூலம் தமிழ். ஆனாலும் தமிழில் அச்சில் வரத் தொடங்கியது 1948ல்தான். அதாவது கோயில் இடிந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து.

அடுத்த முறை புதுச்சேரி போனால், பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் நடந்து பாருங்க. அவர் வாழ்ந்த மாளிகை அங்கேதான் இருக்கு. ஆம்பூர் பக்கம் போகிறவர்கள், பிரியாணிக்கு நிற்கும்போது அந்தக் கணவாயையும் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்க.

வென்றவர்கள் மணி அடித்து, பாட்டுப் பாடி, கடவுள் எங்கள் பக்கம் என்றார்கள். அடுத்த போரில் அவர்களே தோற்றார்கள். அவர்கள் கட்டிய வெற்றி ஊர் இன்று இல்லை. இரவில் விளக்கு வைத்துக்கொண்டு, பயத்தோடும் சில நேரம் வெட்கத்தோடும், நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரு துபாஷின் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது.